முந்தின ஆளின் எண்ணிக்கை

மேசைக்கடியில் பாதி உடம்பை நுழைத்து மல்லாந்து படுத்த பிறகுதான் இசக்கியப்பனுக்கு அந்த நாற்றம் முழுசாகப் பிடிபட்டது. படியேறும்போது டெட்டால், வரவேற்பு மேசையைத் தாண்டினால் ஊதுபத்தி, உள்ளே வந்தால் ஸ்பிரிட் என்று மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தி மறைத்து வைத்திருந்த அந்தச் சங்கதி இங்கே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சொந்த வீட்டில் இருப்பதுபோல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷின் ஒவ்வொரு ஆளின் ரத்தத்தையும் ஒரு சொட்டு உறிஞ்சி, மருந்துத் தண்ணீரில் கலக்கி, எண்ணி முடித்துவிட்டு மிச்சத்தை ஒரு குழாய் வழியாகக் கீழே விடுகிறது. அது ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் கேன் ஒன்றில் சொட்டுகிறது. கேனில் சூரியகாந்திப் பூப் படம் இன்னும் இருக்கிறது. மூடியைக் காணோம், பஞ்சை உருட்டி அடைத்திருக்கிறார்கள், பஞ்சும் பழுப்பேறிவிட்டது. எத்தனை பேரின் ரத்தம் இதில் கலந்திருக்கும், சங்கரன்கோவில் டவுனில் பாதியாவது இருக்கும், சொந்தக்காரன் பகைக்காரன் எல்லாரும் இதற்குள் ஒன்றாகிவிட்டார்கள் என்று நினைத்ததும் அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான், மூடினால் மூக்கால் இழுக்கவேண்டியிருந்தது, அது இன்னும் மோசம். கேனை உரசிக்கொண்டுதான் கேபிள் போகிறது. அவன் பாளையங்கோட்டையிலிருந்து காலை முதல் பஸ் பிடித்து வந்தது அந்தக் கேபிளைப் பார்க்கத்தான். ஊதா நிறத்தில் கண்ணாடிபோன்ற தோல், ஒரு முனை மெஷினின் பின்பக்கம், ஒன்பது ஊசி உள்ள சீரியல் போர்ட்டில், இன்னொரு முனை கம்ப்யூட்டரில். ஒன்பது ஊசியில் வேலை செய்வது மூன்றுதான். ஒன்று சொல்லும், ஒன்று கேட்கும், ஒன்று இரண்டுக்கும் பொதுவான தரை. மற்ற ஆறும் கல்யாண வீட்டில் நாற்காலி நிரப்ப வந்தவர்கள் மாதிரி சும்மா நிற்கும். முனையின் இரண்டு பக்கமும் இருக்கவேண்டிய திருகாணிகளைக் காணவில்லை. அதற்குப் பதில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறார்கள், ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற மஞ்சள் ரப்பர், அதில் யாருடைய முடியோ ஒன்று ஒட்டியிருந்தது.

கோளாறு எது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதுவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது, இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு சுலபமாகவா என்று. தரை துடைக்கிற கோமதியக்கா காலையில் துடைப்பத்தை உள்ளே விட்டு வளைக்கும்போது கேபிள் தட்டுப்படும், பிடுங்கி மேசைமேல் போட்டுவிட்டுத் துடைத்து முடித்து மறுபடி சொருகுவாள். கம்ப்யூட்டரில் சொருகுகிற ஓட்டை நாலு இருக்கிறது, நாலும் ஒரே மாதிரி இருக்கிறது, எதில் சொருகினால் என்ன என்பது அவள் நியாயம். கம்ப்யூட்டரின் நியாயம் வேறு. ஒரு ஓட்டையில் சொருகினால் அந்தக் கேபிளுக்கு மூன்றாம் நம்பர் என்று பேர் வைக்கும், வேறு ஓட்டையில் சொருகினால் அதே கேபிளை ஏழாம் நம்பர் என்று கூப்பிடும். இசக்கியப்பன் எழுதிய சாப்ட்வேர் மூன்றாம் நம்பர் வாசலிலேயே காத்துக் கிடக்கும், மெஷின் ஏழாம் நம்பர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கும். இது காலையில் நடப்பது. நடுவில் நடப்பது வேறு, ஜெபராணியின் செருப்பு பட்டால்கூட ரப்பர் பேண்டு நெகிழ்ந்து தொடர்பு அறுந்துபோகிறது. "கண்டுபிடிச்சிட்டியளா?" என்று மேலேயிருந்து ஜெபராணியின் குரல் வந்தது. லேப்பில் ரத்தம் எடுப்பதும் பரிசோதிப்பதும் அவள்தான், ஒற்றை ஆள். அவள் காலைத்தான் அவன் பார்த்தான், குதிகால் வெடிப்பில் வெள்ளை மருந்து பூசியிருந்தாள். "ஆச்சு" என்றான். "அந்த வாத்தியார் சோடிக்கு என்ன பதில் சொல்லட்டும்? பத்து மணிக்கு வாரேன்னு போயிருக்காவ" என்று சிரித்தாள். லேப்காரர் பொன்னுராசு அண்ணாச்சி போனில் சொல்லும்போதும் இதையே சிரித்துத்தான் சொன்னார். முந்தாநாள் ஒரு ரிட்டயர் வாத்தியாரும் அவர் வீட்டம்மாவும் சேர்ந்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு பேர் ரிப்போர்ட்டும் அச்சு அசலாக ஒன்று. ஹீமோகுளோபின் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்வரை ஒன்று. வாத்தியார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜாதகம் பார்த்தப்பகூட இவ்வளவு பொருத்தம் வரலையே என்றாராம். அண்ணாச்சி அவருக்கு, நாப்பது வருசமா ஒரே சோத்தைத் திங்குதிய, பின்ன எப்படி இருக்கும் என்று பதில் சொன்னாராம். வாத்தியார் சிரித்தாராம். அதை நேற்று ராத்திரி போனில் கேட்டபோது இசக்கியப்பனும் சிரித்தான். சிரித்துவிட்டு, வந்து பார்க்கிறேன் அண்ணாச்சி என்று வைத்தான். அந்தச் சிரிப்பு இப்போது மேசைக்கடியில் நாக்கில் ஏதோ பிசினாக ஒட்டியது.

எழுந்து உட்கார்ந்து கையைத் துடைக்க இடம் தேடினான். பஞ்சு கேட்கப் பிடிக்கவில்லை. பேண்டில் துடைத்தான், துடைத்த இடம் தொடையில் குறுகுறுத்தது. ஜெபராணி டீ வாங்கி வைத்திருந்தாள், சிறுநீர் மாதிரிப் பாட்டில்கள் வரிசையாக நிற்கிற அதே மேசையின் ஓரத்தில், ஒரு முழத் தூரத்தில். ஒவ்வொரு பாட்டிலிலும் மஞ்சள் ஒவ்வொரு விதமாக இருந்தது. டீயின் மேல் ஆடை படர்ந்து, அவன் தம்ளரை எடுத்ததும் உதட்டுக்காக அது காத்திருந்ததுபோல் நெளிந்தது. வைத்துவிட்டான். அவள் பார்த்துவிட்டாள். "குடிங்க, சீனி கம்மியாத்தான் போடச் சொன்னேன்" என்றாள். "ஆறட்டும்" என்றான். கம்ப்யூட்டரில் ஏழாம் நம்பரை மூன்றாக மாற்றினான். திருகாணி வாங்கிப் போட்டு, எந்த ஓட்டையில் சொருகினாலும் கேபிளை அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி நாலு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது, பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். முடிந்தது என்று சொல்லிக்கொண்டே அவன் முடியவில்லை என்பதையும் அறிந்திருந்தான். கேபிள் அறுந்தால் எண் வராமல் போகவேண்டும். அதுதானே நியாயம். வராத எண்ணுக்குப் பதிலாக முந்தின ஆளின் எண் எங்கிருந்து வந்தது. கேபிள் அறுவது கோமதியக்காவின் துடைப்பம், எண் வருவது யாருடைய வேலை. யாருடைய வேலை என்று கேட்டதும் அவன் மனம் வேறு எங்கோ போய் ஒளிந்தது, சீக்கிரம் ஊருக்குப் போகணும், வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டணும், மழை வருமா என்று ஜன்னலைப் பார்த்தான், ஜன்னல் கம்பியில் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். புதிய பஸ் ஸ்டாண்டில் நின்று பரோட்டா தின்றுகொண்டிருந்தபோது அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, உங்க சாப்ட்வேர்ல ஒரு செவப்புப் பெட்டி வருது பாத்துக்கிடுங்க, தொடர்பு இல்லைன்னு. நோயாளியெல்லாம் முன்னால உக்காந்திருக்காவ, டிவி மாதிரி பாக்காவ. மதிப்பு என்ன ஆகும்? அந்தப் பெட்டி வரப்பிடாது." இவன், அது வரணும் அண்ணாச்சி, மெஷின் பேசலைன்னா நமக்குத் தெரியணும்ல என்றான். சொன்னான், அது நிஜம், ஒரு தடவை சொன்னான். "கட்டம் காலியா நிக்கப்பிடாது தம்பி, பாக்க அசிங்கமா இருக்கு" என்றார் அவர். சரி அண்ணாச்சி என்றான். பரோட்டாக் கை காயுமுன்னே பெஞ்சில் லேப்டாப்பை விரித்து இரண்டு வரி எழுதினான். பதில் வராவிட்டால் ஒன்றும் சொல்லாதே. கட்டம் காலியாக இருந்தால் கடைசியாக வந்ததை வைத்துக்கொள். அப்போது அவனுக்கு அது சாமர்த்தியமாகக்கூடத் தோன்றியது, ஒரு நொடி தடங்கலுக்கு இது போதும், அடுத்த நொடி மெஷின் பேசிவிடும், பழையது போய்ப் புதியது வந்துவிடும் என்று. ஒரு நொடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எந்த இடத்திலும் ஒரு நொடி என்று எழுதவில்லை. விரலில் சால்னா எண்ணெய் இருந்தது, லேப்டாப்பின் பித்தான்கள் அன்றைக்கு முழுக்கப் பிசுபிசுத்தன.

விஷயம் வாத்தியார் சோடியோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பழைய பதிவுகளைத் திறக்காமல் இருந்திருக்கலாம். திறக்காதே என்று ஒரு குரல் உள்ளே மிக அமைதியாக, மரியாதையாகச் சொன்னது, அவன் சொந்தக் குரல்தான், அம்மாவிடம் பேசுகிற குரல். திறந்தான். ஒரே எண்கள் அடுத்தடுத்து வருகிற வரிகளை மட்டும் காட்டு என்று கேட்டான். கேட்பது அவ்வளவு சுலபம், எட்டு மாசத்தில் எந்த நாளும் கேட்டிருக்கலாம். பட்டியல் வந்தது, வந்துகொண்டே இருந்தது, திரையைத் தாண்டிக் கீழே இறங்கியது. அவன் கீழே உருட்டவில்லை. முதலில் நின்றது நேற்றைய தேதி. காலை பத்து ஐந்துக்கு வேலுச்சாமி என்று ஒருவர், வயது ஐம்பத்திரண்டு, பிளேட்லெட் என்கிற தட்டணு இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். அவருக்குக் கீழே மாடத்தி, முப்பத்திநாலு, இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். ரெஜினா, இருபத்திமூன்று, இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். பக்கீர் மைதீன், அறுபத்தொன்று. சண்முகக்கனி, நாற்பத்தைந்து. ஐந்து பேர், ஒரே ரத்தம். பிறகு ஜெபராணி கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அணைத்துப் போட்டிருக்கிறாள், அதற்குப் பின் எண்கள் மாறிவிட்டன. காலேஜ் ஹாஸ்டலில் முதல் வருஷம் அவன் வேறொருவன் பிரஷ்ஷில் ஒரு வாரம் பல் தேய்த்தான், இரண்டும் பச்சை, அடையாளம் தெரியவில்லை. தெரிந்த அன்றைக்கு அந்த ஒரு வாரமும் மொத்தமாகத் திரும்பி வாய்க்குள் வந்தது. ஒவ்வொரு காலையும் தனித்தனியாக வந்தது. தேய்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் இருந்தது, நுரைகூட வந்தது. அப்போது வாந்தி எடுத்தான். இப்போது அதுவும் வரவில்லை. மாடத்தியின் பேருக்கு எதிரே டாக்டர் எழுதியனுப்பிய காரணம் இருந்தது, காய்ச்சல், மூன்று நாள். ஊரெல்லாம் டெங்கு. டெங்கு வந்தவர்களுக்குத் தட்டணு இறங்கும், அதைத்தான் பார்க்கச் சொல்லி அனுப்புவார்கள், அதை எண்ணத்தான் இந்த மெஷின். ரிப்போர்ட்டின் அடியில் பச்சை எழுத்தில் நலமுடன் வாழ்க என்று வரும். அது அவன் வைத்தது. யாரும் கேட்காமலே, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வைத்தது.

"ஜெபராணி" என்றான். குரல் எழும்பவில்லை, அவனுக்கு எப்போதுமே எழும்பாது, இரண்டாம் தடவை கூப்பிட்டதும்தான் திரும்பினாள். "மெஷினே ஒரு சீட்டு அடிச்சுத் தருமே, ஒவ்வொரு ஆளுக்கும். அதெங்க?" என்றான். முன்னெல்லாம் மெஷின் தன் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னத் தாளை நாக்குபோல் நீட்டும், அதைக் கிழித்து நோட்டில் ஒட்டி, நோட்டைப் பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுவார்கள். அவன் முதல்தடவை இங்கே வந்தபோது பசை காய்ந்த அந்த நோட்டுகள் அலமாரியில் இருந்தன. "சீட்டா? நீங்க வந்ததோட அத நிப்பாட்டியாச்சே. ரோல் தீந்துச்சு, அண்ணாச்சி வாங்கலை. கம்ப்யூட்டர்ல வருது, அப்புறம் என்னத்துக்கு ரெண்டுன்னாவ." மெஷின் திரையிலாவது பார்ப்பாயா என்று கேட்டான். "அதுல பாதி செத்துக் கெடக்கு, குனிஞ்சு கண்ணை இடுக்கிப் பாக்கணும். எனக்குக் கழுத்து தேய்மானம் வேற. ஏன், என்ன ஆச்சு?" நோட்டில் சீட்டு ஒட்டிய காலத்தில் கேபிள் அறுந்தால் ஒரு குடியும் மூழ்காது. கேபிளே கிடையாது. கண் பார்த்தது, கை எழுதியது, தப்பினாலும் ஒரு ஆளோடு நிற்கும். அவன் வந்து நேரம் மிச்சம் பண்ணிக் கொடுத்தான். தப்பு வரக்கூடாது, கையால எழுதினா தப்பு வரும் அண்ணாச்சி என்று அவனே இந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான், விரலை மடக்கி மடக்கி. அந்த விரல்களைப் பார்த்தான், நகக்கண்ணில் மேசைக்கடித் தூசு கறுப்பாக ஏறியிருந்தது. இதே இரண்டு வரி இன்னும் மூன்று ஊரில் ஓடுகிறது. புளியங்குடியில் ஓடுகிறது. இப்போது இந்த நிமிஷம் ஓடுகிறது, அங்கே ஒரு செருப்பு எந்தக் கேபிளில் படுகிறதோ.

மெஷின் கடைசி இருநூறு பேரின் எண்ணிக்கையைத் தனக்குள் வைத்திருக்கும். அது அவனுக்குத் தெரியும். அதற்கு முந்தினதை அழித்துவிடும், போன வாரத்துக்கு முன்னால் வந்தவர்கள் போனது போனதுதான், அவர்களின் நிஜ எண் அந்த எண்ணெய் கேனோடு சாக்கடையில் போய்ச் சேர்ந்தது. நேற்றையது இருக்கும். ஒரு பித்தானை ஆறு தடவை அமுக்கவேண்டும். அமுக்காமல் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் ஆகியிருக்காது, இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்துக்கும் அவளுடைய எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும், டாக்டர் தாளை மட்டுமா பார்க்கிறார், கண்ணை இழுத்துப் பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். இப்படிச் சொல்லிக்கொண்டு போகிற மனசை அவன் பக்கத்தில் நின்று பார்த்தான், அது அண்ணாச்சியின் குரலில் பேச ஆரம்பித்திருந்தது, கொஞ்சம் விட்டால் ஊதுபத்தி பொருத்திவிடும். பித்தானில் யாரோ சாப்பிட்ட கையால் அமுக்கிய மஞ்சள் கறை. அதன்மேல் விரலை வைத்தான். பாதி செத்த திரையில் கோடுகள் ஊர்ந்து, எண்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மெஷினுக்குப் பேர் தெரியாது, வரிசை நம்பர்தான். நூற்றி முப்பத்தேழு, இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம், இது வேலுச்சாமி. நூற்றி நாற்பத்திரண்டை முதலில் பார்த்தான், அது கம்ப்யூட்டரில் அடுத்து வருகிற ஆளின் எண்ணோடு பொருந்தியது. அப்படியானால் நடுவில் இருக்கிற நாலும் அந்த நாலு பேர்தான், வேறு யாருமாக இருக்க வழியில்லை. வழியில்லை என்று உறுதியான பிறகும் இன்னொரு தடவை எண்ணினான். பிறகு நூற்றி முப்பத்தெட்டு. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவேண்டியிருந்தது, கண்ணாடியில் தூசும், தூசில் அவன் மூச்சும் படிந்தது. முப்பத்தோராயிரம். சைபரை விட்டுவிட்டேனா என்று சட்டை முனையால் திரையைத் துடைத்தான். துடைத்த பிறகு இன்னும் தெளிவாக முப்பத்தோராயிரம். மெஷின் நேற்றுக் காலையிலேயே சரியாக எண்ணிவிட்டது. கேபிளின் வாசலில் நின்று சொல்லியும் பார்த்திருக்கிறது. கேட்கவேண்டியவன் காதைப் பொத்திக்கொண்டு, முன்னால் போன ஆளின் எண்ணை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, நலமுடன் வாழ்க என்றும் சொல்லியிருக்கிறான். அடுத்தது ரெஜினா, ஹீமோகுளோபின் ஏழு. தாளில் பன்னிரண்டு புள்ளி ஒன்பது. அவள் பேருக்கு எதிரே கர்ப்பம், ஏழாம் மாசம். பக்கீர் மைதீன் பரவாயில்லை. சண்முகக்கனிக்கு வெள்ளணு பத்தொன்பதாயிரம், இருக்கவேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. நாலையும் ஒரு தாளில் எழுதினான்.

பொன்னுராசு அண்ணாச்சி திருநீறு பளபளக்க உள்ளே வந்தார், கையில் வாழையிலைப் பொட்டலம். "என்ன தம்பி, நோய் பிடிபட்டுதா? வடை சூடா இருக்கு, ஒண்ணு எடுங்க" என்றார். இசக்கியப்பன் தாளைக் காட்டினான். சொன்னான், மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டான், அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு பெரிய விஷயம் மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஜெபராணி கையுறையைக் கழற்றினாள், கழற்றியதைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "நாந்தான் ஊசி போட்டேன் அந்தப் பொம்பளைக்கு. நரம்பே கெடைக்கலை, ரெண்டு தடவை குத்தினேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல். அண்ணாச்சி பொட்டலத்தை மாதிரி பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தார். எண்ணெய் இலையைத் தாண்டி மேசையில் பரவியது. "பதறப்பிடாது" என்றார். "நாலு பேருதான? மறுபடி வரச்சொல்லி ரத்தத்த எடுத்துருவோம். மிஷினு கோளாறுன்னு சொன்னா ஆச்சு. சாயந்தரமா கூப்பிடலாம், இப்ப ஆளு வார நேரம்." மெஷின் கோளாறு இல்லை அண்ணாச்சி என்றான் இவன். "அப்ப கோமதிதான். அவள நிப்பாட்டிருவோம். எத்தன தடவ சொல்லியாச்சு ஒயர்ல கைய வைக்காதன்னு." அவர் கெட்ட மனுஷன் இல்லை. போன மாசம் இதே கோமதியக்காவின் மகள் கல்யாணத்துக்குத் தன் காரை அனுப்பியவர். அவர் முகத்தில் இருந்தது ஒரு சின்ன அசௌகரியம், செருப்பில் சாணி ஒட்டிக்கொண்டதுபோல, எங்கே தேய்த்தால் போகும் என்று தேடுகிற முகம். அந்த முகத்தை இசக்கியப்பன் எட்டு மாசமாகக் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவி வந்திருக்கிறான். சரி அண்ணாச்சி என்று சொல்ல நாக்கு தானாகவே மடிந்தது. சரி அண்ணாச்சி என்பது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சாயந்தரம் என்றால் ஆறு மணி நேரம்தானே, நேற்றுப் பத்து மணியிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் போயாகிவிட்டது, இன்னும் ஆறு மணியில் என்ன. என்ன என்று கேட்டது மனசு. முப்பத்தோராயிரம் ஆறு மணி நேரத்தில் எத்தனையாகும் என்று அவனுக்குத் தெரியாது. அது தெரியாதவன்தான் இதற்கு சாப்ட்வேர் எழுதினான்.

மாடத்தியின் நம்பர் திரையிலேயே இருந்தது. போன் நம்பர் கொடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகமுடியாதபடி அவன்தான் எழுதியிருந்தான். அண்ணாச்சி வாத்தியாரை எதிர்கொள்ள முன்னறைக்குப் போயிருந்தார், அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. இசக்கியப்பன் தன் போனை எடுத்தான், திரையில் தன் விரல் ரேகை எண்ணெயாகத் தெரிந்தது, எந்த எண்ணெயோ. மணி அடித்தது. எடுக்காமல் இருந்துவிட்டால் என்று நினைத்தான், எதை விரும்பி அப்படி நினைக்கிறோம் என்று தெரிந்ததும் தன்மேலேயே துப்பலாம்போல இருந்தது. ஏழாவது மணியில் எடுத்தார்கள். காற்று, தூரத்தில் பெண்கள் பேசும் சத்தம். "ஆரு?" மாடத்தியா பேசுறது என்றான். "ஆமா, ஆரு? சத்தமாப் பேசுங்க, காட்டுல நிக்கேன்." நேற்று ரத்தம் கொடுத்த இடத்திலிருந்து என்றான். "அதான் நேத்தே போன்ல வந்துட்டே. நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாவளே. காச்சலும் விட்டுட்டு. அசதிதான் கெடந்து இழுக்கு. பூ எடுக்க வந்துட்டேன், பிச்சிய விட்டா நாளைக்கு மலந்துரும்லா." காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கில் ஆபத்து என்று எங்கோ படித்திருந்தான், எங்கே என்று நினைவில்லை. ஜெபராணி பக்கத்தில் வந்து நின்று தலையை ஆட்டினாள், அவளும் அதையேதான் சொல்கிறாள் என்று தெரிந்தது. "பூவைப் போட்டுட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்கு. நேத்து வந்த எண்ணிக்கை உங்களோடது இல்லை." "என்னோடது இல்லையா? என் கையிலதான எடுத்தாவ? பின்ன அது ஆரோடது?" மெஷின் கோளாறு என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அது நல்ல சொல், எவர் மேலும் படாது, அவளும் நம்புவாள். "உங்களுக்கு முன்னால வந்தவரோடது. அதை உங்க பேர்ல போட்டது நான். மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு. நான் எழுதினதுல தப்பு" என்றான். அவன் பேர் என்ன, எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தான், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப என்னோடது எவ்வளவு?" என்றாள். முப்பத்தோராயிரம் என்றான். "முப்பத்தோராயிரம்" என்று அவள் திரும்பச் சொன்னாள், சந்தையில் விலை கேட்டு மனசுக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல. பிறகு கொஞ்சம் தயங்கி, தெரியாததைக் கேட்கிற வெட்கத்தோடு, "அது கூடுதலா கொறச்சலா?" என்றாள்.

குறைச்சல் என்று சொன்னான். ரொம்பக் குறைச்சல் அக்கா, நடந்து போகாதீங்க, யாரையாவது வண்டியில் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட இந்த எண்ணைச் சொல்லுங்க, மறந்தால் இதே நம்பருக்குக் கூப்பிடுங்க, நான் அவர்கிட்டப் பேசுறேன். அவனுடைய குரல் அவனுக்கே கேட்கிற அளவுக்கு இருந்தது. அவள் யாரையோ "ஏட்டி, இந்தப் பூப்பெட்டிய வாங்கு" என்று கூப்பிடுவது கேட்டது, பிறகு போன் அணைந்தது. முன்னறையில் சிரிப்பு நின்றிருந்தது. அண்ணாச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார், எப்போதிருந்து என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வாத்தியார் இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "தம்பி" என்றார் அண்ணாச்சி, மெதுவாக, ஆள் கேட்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து, "போனை வைங்க. சாயந்தரம் பேசிக்கிடுவோம்னு சொன்னேம்லா." சரி என்றான் இசக்கியப்பன், பழக்கத்தில் வந்துவிட்டது. வந்த சொல் வாயில் ஊசிப்போன பண்டம் மாதிரி கிடந்தது. அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அதோடேயே திரையைப் பார்த்து ரெஜினாவின் நம்பரை ஒவ்வொரு எண்ணாக அமுக்கினான், ஏழாவது எண்ணில் விரல் வழுக்கித் தப்பாக விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.